லேன் கேபிள் வாங்குவதற்கு முன் செம்பைப் பாருங்கள்

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கேட் 6 போடலாமா, கேட் 7 போடலாமா, இல்லை எட்டே போட்டுவிடலாமா?" கேட் என்பது கேட்டகரி, லேன் கேபிளின் தர வகை. எண் பெரிதாக இருந்தால் கேபிளும் நல்லதாக இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். சென்னையில் பல வருடமாக வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் வயரிங் செய்து வருகிறேன். ஸ்பீடு வரவில்லை என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் கோளாறு பெரும்பாலும் வேறு எங்கோ இருந்திருக்கிறது. கம்பி செம்பாக இருக்காது. அல்லது கனெக்டர் அடித்த விதம் சரியாக இருக்காது. அல்லது யாரோ கேபிளைச் சுவருக்குள் முரட்டுத்தனமாக இழுத்திருப்பார்கள்.

எண்களை முதலில் முடித்துவிடலாம். கேட் 5இ 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகம் தாராளமாகக் கொடுக்கும். 2016இல் வந்த, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.3பிஇசட் தரத்தின்படி அதே கேட் 5இ கேபிளிலேயே 2.5 ஜிபிபிஎஸ் போகலாம். கேட் 6 கேபிளின் அலைவரிசை 250 மெகாஹெர்ட்ஸ், கேட் 5இக்கு 100. கேட் 6இல் 10 ஜிபிபிஎஸ் ஏறத்தாழ 55 மீட்டர் வரை போகும், ஆனால் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோனால் அந்தத் தூரம் இன்னும் குறையும். 100 மீட்டருக்கும் 10 ஜிபிபிஎஸ் வேண்டுமென்றால் 500 மெகாஹெர்ட்ஸ் கேட் 6ஏ வேண்டும்.

கேட் 8 டேட்டா சென்டருக்கான சரக்கு. 25, 40 ஜிபிபிஎஸ் கொடுக்கும், ஆனால் 30 மீட்டருக்குள் மட்டும். வீட்டில் அதற்கு வேலையே இல்லை. கேட் 7 கதை வேறு. அது சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரத்தில் உண்டு, அமெரிக்காவின் தொலைத்தொடர்புத் துறைச் சங்கமான டிஐஏ அதை ஏற்கவே இல்லை. அந்தத் தரத்துக்கென்று சொல்லப்பட்ட கனெக்டர்கள் ஜிஜி45, டெரா போன்றவை. நம் வீட்டு ரவுட்டரில் இருப்பது ஆர்ஜே45. ஆர்ஜே45 மாட்டி, தட்டையாக, பளபளவென்று 'கேட் 7' என்று விற்கும் கேபிள்களுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சுவருக்குள் போகப்போகிற கேபிளுக்கு இன்றைக்கு நான் போடுவது கேட் 6, சுத்தச் செம்பு. வீட்டில் பெரிய ஸ்டோரேஜ் வைத்து வீடியோ எடிட்டிங் செய்கிறவர், பத்து பதினைந்து வருடம் சுவரைத் தொடவே கூடாது என்கிறவர் என்றால் கேட் 6ஏ. அது தடிமனாக இருக்கும், வளைக்கக் கஷ்டம், பைப்பும் பெரிதாக வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

இனி செம்பு.

ரிச்சி தெருவில் நடந்து போனால் 305 மீட்டர் பாக்ஸ்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் 'கேட் 6' என்றுதான் இருக்கும். ஒன்றின் விலை இன்னொன்றில் பாதியாக இருக்கும். கேட்டால், "ரெண்டும் கேட் 6தான் சார், கம்பெனி வேற" என்பார்கள். வித்தியாசம் பெரும்பாலும் கம்பெனியில் இல்லை, கம்பியில் இருக்கும். விலை குறைந்தது பெரும்பாலும் சிசிஏ, அதாவது மேலே மெல்லிசாகச் செம்பு பூசிய அலுமினியம். டிஐஏ, ஐஎஸ்ஓ இரண்டின் தரத்திலும் இதற்கு இடமில்லை. அலுமினியத்தில் மின்தடை அதிகம், அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு மூன்று தடவை வளைத்தால் ஒடிந்துபோகும். கீஸ்டோன் ஜாக்கில் (சுவரில் கேபிள் வந்து முடியும் சாக்கெட்) அழுத்தி மாட்டிய இடத்தில் நாளாக நாளாகப் பிடி தளரும்.

இது எப்படிப் படுத்தும் என்பதைத் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் பார்த்தேன். மாடிக்கு மாடி வராந்தாவில் கேமரா வைத்திருந்தார்கள். பகலெல்லாம் படம் நன்றாக வரும். இருட்டியதும் கோடியில் இருக்கும் கேமராக்கள் மட்டும் போய்ப் போய் வரும். மேனேஜர் பெரியவர், நொந்துபோயிருந்தார். "தம்பி, கேமராவையே ரெண்டு தடவ மாத்தியாச்சு. ராத்திரியானா பேய் பிடிச்ச மாதிரி அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றார்.

"கேமராவ விடுங்க ஐயா, லைன் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். சுமார் 40 மீட்டர். கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும் 12 வோல்ட் கரண்டை அனுப்பி, அந்தப் பக்கம் கரண்டைத் தனியே பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்துக் கேமராவுக்குக் கொடுத்திருந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் பத்தரை வோல்ட் காட்டியது. வராந்தா விளக்கை அணைத்ததும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்தன, மீட்டர் எட்டு வோல்ட்டுக்குச் சரிந்தது, கேமரா அணைந்தது. அணைந்ததும் லோடு போய்விடும், வோல்ட்டேஜ் ஏறும், கேமரா திரும்ப ஆன் ஆகும், இருட்டைப் பார்த்து விளக்கைப் போடும், மறுபடி அணையும். விடிய விடிய இதுதான்.

கேபிளின் நுனியை வெட்டி ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்து உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. கேமரா சுமார் 6 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் அதற்கு அரை ஆம்பியர் வேண்டும். போக வர இருக்கும் அலுமினியக் கம்பியின் தடை அதில் மூன்று நான்கு வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். அங்கே இரண்டையும் மாற்றினோம். செம்புக் கேபிள் இழுத்தோம், 12 வோல்ட் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, லேன் கேபிள் வழியாகவே கரண்டும் கொடுக்கும் முறையான பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்தோம். பிஓஇ ஏறக்குறைய 48 வோல்ட்டில் அனுப்புகிறது. வோல்ட்டேஜ் நான்கு மடங்கானால் அதே வாட்டுக்கு கரண்ட் நான்கில் ஒரு பங்குதான் ஓடும், வழியில் இழக்கும் வோல்ட்டும் அந்த அளவுக்குக் குறையும். அதற்கப்புறம் அந்தக் கேமராக்கள் இரவில் அணையவில்லை.

"அப்படியென்றால் பிஓஇ ஸ்விட்ச் மட்டும் போட்டால் சிசிஏ கேபிளே போதுமே" என்று சிலர் கேட்பார்கள். ஒரு சின்னக் கேமராவுக்கு ஓடலாம். ஆனால் பிஓஇயின் வாட் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் 15.4 வாட். 2009இல் வந்த 802.3ஏடி 30 வாட். 2018இல் வந்த 802.3பிடி 90 வாட் வரை போகிறது. கட்டுக்கட்டாகப் பைப்புக்குள் கிடக்கும் அலுமினியக் கம்பியில் அவ்வளவு கரண்டை விட்டால் சூடாகும். சுவருக்குள் சூடாகும் கம்பியை எந்த வீட்டிலும் விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

கடையிலேயே கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பாக்ஸைத் தூக்கிப் பாருங்கள், செம்புப் பாக்ஸ் கை இழுக்கும் கனம் இருக்கும், அலுமினியம் லேசாக இருக்கும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், செம்பு உள்ளேயும் செம்பாகவே இருக்கும். உறையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கேட் 6 என்றால் 23 ஏடபிள்யூஜி என்று இருப்பது நல்லது, சிலது 24. இது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், கூடினால் கம்பி மெலிகிறது என்று பொருள். 'சிசிஏ' என்ற எழுத்து உறையிலேயே சின்னதாக இருப்பதும் உண்டு, யாரும் படிப்பதில்லை.

நான் நம்புவது மீட்டரைத்தான். 50 மீட்டர் கேபிள் கிடைத்தால் ஒரு முனையில் ஒரே ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுங்கள். மறு முனையில் அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டர் கம்பி. தரத்தின்படி 100 மீட்டருக்கு 9.38 ஓமுக்கு மேல் போகக்கூடாது. நல்ல 23 ஏடபிள்யூஜி செம்பு ஏழு ஓம் பக்கம் காட்டும், 24 என்றால் எட்டரை. பதினொன்று பதிமூன்று என்று காட்டினால் அந்தப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அதில் காட்டும் அரை ஓமையோ கால் ஓமையோ கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

சென்னையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் எல்லா உலோகமும் சீக்கிரம் கெடும். அங்கே கனெக்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தங்க முலாம் மெல்லிசாக இருக்கும் மலிவு கனெக்டரின் பின்களில் பச்சை படர்ந்து லிங்க் விட்டுவிட்டு வருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அடிக்கடி வரும் புகார்: "முந்நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், வைஃபையில நூத்தைம்பதுக்கு மேல வருது, கேபிள்ல போட்டா தொண்ணூத்திநாலுலயே நிக்குது." இந்த 94 என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் உண்மையாகக் கிடைக்கும் வேகம் அதுதான். அதாவது ஒரு ஜிபிபிஎஸ்ஸில் ஓட வேண்டிய லைன் நூறுக்கு இறங்கியிருக்கிறது. பழைய 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கனெக்டரின் எட்டு பின்களில் 1, 2, 3, 6. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால் பல கருவிகள் தாமாகவே நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நெட் வரும், ஆனால் நூறைத் தாண்டாது. முதலில் பேட்ச் கார்டை (சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் குட்டிக் கேபிள்) மாற்றுங்கள், அப்புறம் ரவுட்டர் போர்ட்டே நூறு எம்பிபிஎஸ் போர்ட்டா என்று பாருங்கள் (மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் அப்படித்தான்), அதற்கப்புறம் கனெக்டரை வெட்டிப் புதிதாக அடியுங்கள். விண்டோஸில் ஈதர்நெட் பக்கத்துக்குப் போனால் லிங்க் ஸ்பீடு 100 என்றோ 1000 என்றோ நேராகவே எழுதியிருக்கும். இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கனெக்டர் விஷயத்தில் ஒரு கோளாறு மட்டும் டெஸ்டரையே ஏமாற்றிவிடும். பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சர்வரிலிருந்து ஃபைல் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனது. எல்இடி டெஸ்டர் மாட்டினால் 1 முதல் 8 வரை வரிசையாகப் பச்சை. ஒரு கனெக்டரைக் கண்ணுக்கு அருகில் வைத்து நிறங்களைப் படித்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக, பார்க்க அழகாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அதே வரிசை, அதனால்தான் டெஸ்டர் பச்சை காட்டியது. ஆனால் ஈதர்நெட்டுக்கு பின் 3உம் 6உம் ஒரு ஜோடி, நடுவில் 4உம் 5உம் இன்னொரு ஜோடி. இப்படி அடுக்கினால் 3இல் வெள்ளைப் பச்சையும் 6இல் நீலமும் போய் உட்காரும். அவை ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட கம்பிகள் இல்லை.

அந்த முறுக்கில்தான் இந்தக் கேபிளின் உயிரே இருக்கிறது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் சிக்னல் நேர் எதிராக ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். வாங்கும் பக்கம் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. நான்கு ஜோடிகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்க ஒவ்வொன்றையும் வேறு வேறு நெருக்கத்தில் முறுக்கியிருப்பார்கள், உறையை உரித்துப் பார்த்தால் தெரியும். ஜோடி பிரிந்துவிட்டால் இதெல்லாம் போச்சு. குட்டிக் கேபிளில் தெரியாது, தூரம் கூடக்கூட டேட்டா பாக்கெட்டுகள் வழியில் தொலைய ஆரம்பிக்கும். அந்த அலுவலகத்தில் எல்லா முனைகளையும் வெட்டி டி568பி என்ற தர வரிசையில் திரும்ப அடித்தோம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. சர்வரும் கம்ப்யூட்டர்களும் பழையதேதான், ஃபைல் உடனே திறந்தது.

முனையில் முறுக்கைப் பிரிப்பதும் அளவோடு இருக்க வேண்டும். 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. வேலை சுலபமாகட்டும் என்று இரண்டு அங்குலம் பிரித்து, உறை கனெக்டருக்கு வெளியிலேயே நிற்கும்படி அடித்த வேலையைப் பார்த்தால் அந்த முனையை நான் அப்படியே விடமாட்டேன். கேட் 6 கம்பி தடிமனானது, கேட் 5இ கனெக்டரில் திணித்தால் சரியாக உட்காராது. கேபிளுக்கு ஏற்ற கனெக்டரையே கேட்டு வாங்குங்கள்.

சுவருக்குள் போகும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றை இழையாக, சாலிடாக இருக்க வேண்டும். அதன் முனையில் நேராக ஆர்ஜே45 அடிக்காமல் கீஸ்டோன் ஜாக்கில் பஞ்ச் டவுன் செய்து (கருவியால் அழுத்திப் பதித்து) ஃபேஸ் பிளேட் மாட்டுங்கள். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கோ டிவிக்கோ பல இழைகள் கொண்ட மெல்லிய பேட்ச் கார்டு. அசைவு எல்லாம் பேட்ச் கார்டோடு போய்விடும், கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 100 மீட்டர் என்று சொல்லும் கணக்கும் இதை வைத்துத்தான்: சுவருக்குள் 90, இரண்டு பக்கப் பேட்ச் கார்டும் சேர்த்து 10.

பைப் விஷயத்தில் எலக்ட்ரீஷியனோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர்களுக்கு ஒரே பள்ளத்தில் ஒரே பைப்பில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது சுலபம். "லேன் வயர்தானே சார், கூடவே போகட்டும்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரைச்சலைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. பைப்புக்குள் 230 வோல்ட் கம்பியின் உறை எங்காவது உரிந்தால் அந்தக் கரண்ட் லேன் கேபிள் வழியாக உங்கள் மேஜைக்கே வந்துவிடலாம். தனிப் பைப், முடிந்தவரை அரை அடியாவது தள்ளி. குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் நேர் செங்குத்தாகத் தாண்டட்டும். 25 மில்லிமீட்டர் பைப்பில் நான்கு கேட் 6 வசதியாகப் போகும். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். திருப்பத்தில் எல்போ வேண்டாம், நீண்ட பெண்டு போடச் சொல்லுங்கள். கேபிளின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைத்தால் உள்ளே ஜோடிகளின் அமைப்பு கலையும். இழுக்கும்போது சிக்கினால் இரண்டு பேர் சேர்ந்து தம் கட்டி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதைத் தடுங்கள். கேபிள் தாங்கும் இழுவை சுமார் 11 கிலோதான்.

ஷீல்டு கேபிள், அதாவது உள்ளே ஃபாயில் சுற்றியது, சாதாரண வீட்டுக்குத் தேவையில்லை. மோட்டார்களும் வெல்டிங்கும் ஓடும் ஒர்க்ஷாப்பில் தேவைப்படும். அங்கேயும் ஜாக், கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனல் எல்லாம் ஷீல்டு வகையாக இருந்து, முறையாக எர்த் செய்தால்தான் பலன். எர்த் இல்லாமல் போடுவதானால் ஷீல்டு இல்லாத நல்ல சாதாரண யூடிபி கேபிளே போதும்.

வெளியே போகும் கேபிளுக்கு உள்ளே போடும் சாம்பல் நிறக் கேபிளை விடாதீர்கள். நம் வெயிலில் பிவிசி உறை சீக்கிரம் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளிக்கென்றே கருப்பு பாலிஎத்திலீன் உறையோடு வருகிறது, அதை வாங்குங்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு என்றால் செம்பே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே இரண்டு கட்டடத்து எர்த்துக்கும் நடுவே வரும் மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாக ஓடி, இரண்டு பக்க ஸ்விட்ச்சையும் எரித்துவிடும். ஐப்பசி அடைமழை முடிந்ததும் எரிந்த போர்ட்டுகளோடு ஸ்விட்ச்சைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. இரண்டு பக்கமும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் போதும், எரிந்த ஸ்விட்ச்சை மாற்றும் செலவுக்கு அது பெரிய காசு இல்லை.

மேஸ்திரி பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கேபிளுக்குப் பதில் இரண்டு இழுங்கள், டிவி இருக்கும் சுவருக்கும் ஹால் கூரையில் வைஃபை கருவி வரும் இடத்துக்கும் கட்டாயம். காலிப் பைப்பில் ஒரு இழுகம்பியை விட்டுவையுங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். வயரிங் செய்தவருக்கு மீதிக் காசைக் கொடுப்பதற்கு முன், இரண்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லைனின் இரண்டு பக்கமும் மாட்டி, வேகத்தை அளக்கும் ஐபர்ஃப் என்ற இலவச மென்பொருளை ஒவ்வொரு பாயின்ட்டிலும் ஓட விடுங்கள். 1 ஜிபிபிஎஸ் லைன் 930, 940 எம்பிபிஎஸ் காட்ட வேண்டும். 94 காட்டினாலோ, எண் மேலும் கீழும் ஆடினாலோ, அந்த முனைகளைப் பிரித்து அவரையே திரும்ப அடிக்கச் சொல்லுங்கள்.